கிளாக் வாங்கும் முன் கண்ணை மூடிக் கேளுங்கள்: இசைக் காப்பக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். கேசட்டுகளையும் ஸ்பூல் டேப்புகளையும் டிஜிட்டலுக்கு மாற்ற ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை எடுத்து, டிஜிட்டல் கருவிகளுக்கு நேரத் துடிப்பு கொடுக்கும், வெளியிலிருந்து இணைக்கும் ஒரு மாஸ்டர் கிளாக்கும் அதற்குரிய கேபிள்களும் வாங்கப் போகிறீர்கள். வந்து சேர்ந்ததும், ஏற்கெனவே மாற்றி முடித்த கச்சேரிகளை மறுபடி முதலிலிருந்து மாற்ற வேண்டும் என்றும் தீர்மானத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் அங்கே எழுதியிருக்கும் காரணம் ஒரே வரி: நேரில் கேட்டுப் பார்த்ததில் காலத் துல்லியம் மேம்பட்டிருப்பது தெளிவாக உணரப்பட்டதாம்.

அந்த அறையில் நானும் இருந்தேன். டேப் மாற்றும் வேலையில் பல காலமாக இருப்பவன் என்று நீங்கள்தான் என்னை அழைத்திருந்தீர்கள். கேட்டுப் பார்த்தது எப்படி நடந்தது என்று தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை முதலில் பதிவு செய்கிறேன்.

விற்பனையாளர் கருவி இல்லாமல் ஒரு கேசட்டை ஓட்டினார். தனி ஆவர்த்தனத்தில் ஒரு பகுதி. பிறகு டேப்பைப் பின்னால் சுற்றிவிட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் கேபிளைச் செருகினார். கருவியின் முகப்பில் விளக்கு எரிந்தது. "இப்ப மிருதங்கத்துல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா நிக்கும், கவனிச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினார். பாதி ஓடும்போதே "ஆமாம், ஆமாம்" என்று குரல்கள் வந்துவிட்டன. என் மடியில் இருந்த மீட்டரில் இரண்டாவது முறை ஒலி 0.4 டெசிபல் கூடுதலாகக் காட்டியது. உடனே சொன்னேன். "அவ்வளவு சின்ன அளவு யாருக்குத் தெரியப் போகிறது?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

எல்லோருக்கும் தெரியும், வேறு உருவத்தில். இத்தனை சிறிய வித்தியாசம் உரக்கக் கேட்பதாகத் தோன்றாது. தெளிவாக, நெருக்கமாக, உயிரோட்டமாகக் கேட்பதாகத்தான் தோன்றும். ஒப்பிட்டுக் கேட்கும் சோதனைகளை முறையாக நடத்துகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பது இதனால்தான். இங்கே அது நடக்கவில்லை. எது கருவியோடு ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்ன கேட்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. இவை போதாதென்று, ஒரே கேசட்டை இரண்டு முறை ஓட்டி ஒப்பிட்டார். கேசட் இரண்டு முறை ஒரே மாதிரி ஓடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டின்மேல் அது உட்காரும் கோணம் ஓட்டத்துக்கு ஓட்டம் சற்று மாறும், அதனால் மேல் ஸ்தாயி ஒலிகளின் பளிச்சும் மாறும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே யாராவது ஒரு வித்தியாசம் கேட்டிருந்தால்கூட, அது கிளாக்கால் வந்தது என்று சொல்ல வழியே இல்லை.

திரை போட்டு, எது எது என்று சொல்லாமல் ஒருமுறை கேட்கலாம் என்று அங்கேயே கேட்டேன். மூத்த வித்வான்களின் காதைப் பரீட்சை வைப்பது மரியாதை ஆகாது என்று பதில் வந்தது. என்னை எழுத வைத்தது அந்தப் பதில்தான். பணம்கூட அதற்கு அடுத்ததுதான்.

காது எவ்வளவு நுணுக்கமானது என்று இன்று உலகம் அறிந்திருப்பதெல்லாம் இப்படிப்பட்ட சோதனைகளால்தான். 1956-இல் அமெரிக்காவில் கிளம்ப், ஈடி என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே ஒலியை ஒரு காதுக்குச் சற்று முன்னும் மறு காதுக்குச் சற்றுப் பின்னும் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தக் காதுக்கு முதலில் போகிறது என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. சுமார் 10 மைக்ரோவினாடி வித்தியாசத்தையே மனிதக் காது பிடித்துவிடுகிறது என்று அந்தச் சோதனை காட்டியது. மைக்ரோவினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரோவினாடியில் ஒலி காற்றில் போகும் தூரம் மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. நம் தலைக்குள் இருக்கும் இந்த ஆற்றலை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. கேட்டவர்களிடம் முன்கூட்டியே விடையைச் சொல்லியிருந்தால் இது யாருக்கும் தெரிய வந்திருக்காது.

ஆனால் காலத் துல்லியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு காதுக்கும் நடுவிலான வித்தியாசம் ஒரு கதை. இரண்டு வெவ்வேறு ஒலிகளில் எது முந்தியது என்று சொல்வது வேறு கதை. அதற்குச் சுமார் 20 மில்லிவினாடி இடைவெளி வேண்டும் என்று 1959-இல் ஹிர்ஷ் காட்டினார். சீராக வரும் தட்டல்களில் ஒன்று மட்டும் பிசகினால் தெரிவது இன்னொரு கதை. 1995-இல் ஸ்வீடனில் ஃப்ரீபெர்கும் சுந்த்பெர்கும் செய்த ஆய்வில், வேகமான தட்டல்களில் பிசகு 6 மில்லிவினாடி அளவுக்குப் போனால்தான் கேட்டவர்களால் பிடிக்க முடிந்தது. லயத்தில் ஊறிய நம் வித்வான்கள் அதைவிட நன்றாகக்கூடச் செய்யலாம், வியப்பில்லை. மிருதங்கத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி தெளிந்தது என்று அன்று பேசப்பட்டதே, அது இந்த மில்லிவினாடி உலகத்தைச் சேர்ந்த விஷயம்.

கிளாக் தொடும் உலகம் வேறு. டிஜிட்டலுக்கு மாற்றும்போது ஒலி அலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாகக் குறிக்கிறோம். அப்படி எடுக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. ஒவ்வொரு மாதிரியும் எடுக்க வேண்டிய கணத்திலிருந்து துளி முன்னே பின்னே நகர்வதை ஜிட்டர் என்கிறோம். மாற்றும் நேரத்தில் நடக்கும் ஜிட்டர் கோப்பிலேயே பதிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது என்று விற்பனையாளர் சொன்னது சரி. எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒலியை எண்களாக மாற்றும், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தரமான கன்வெர்ட்டரில் அது ஒரு நானோவினாடிக்கும் கீழே. நானோவினாடி என்பது மைக்ரோவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2005-இல் ஜப்பானில் அஷிஹாரா குழுவினர், பயிற்சி பெற்றவர்களை அவரவருக்குப் பிடித்த சூழலில், தெரிந்த இசையை வைத்தே கேட்கச் சொன்னார்கள். சீரற்ற ஜிட்டர் சில நூறு நானோவினாடியை எட்டினால்தான் அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அதற்கு முன் 1998-இல் பெஞ்சமினும் கேனனும் செய்த சோதனையில், ஜிட்டரை வெளிக்காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்த மேல் ஸ்தாயித் தனி ஒலியில்கூட, 10 நானோவினாடிக்குக் கீழே யாரும் போகவில்லை. நீங்கள் வாங்கப் போவது ஒரு நானோவினாடிக்குக் கீழே இருப்பதை இன்னும் குறைப்பதற்கு.

இதைக் கேசட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேப் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடாது. கேசட்டை ஓட்டும் டெக் நல்ல நிலையில் இருந்தாலும் வேகம் 0.1 சதவீதம் வரை ஏறி இறங்கும். அது வினாடிக்கு 4 முறை என்று வைத்துக்கொண்டால், ஒலி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 40 மைக்ரோவினாடி வரை முன்னும் பின்னும் ஆடுகிறது என்று கணக்கு வரும். அதாவது 40,000 நானோவினாடி. இந்த ஆட்டம் டேப்பில் இருக்கிறது, டெக்கின் ரப்பர் உருளையில் இருக்கிறது, பெல்ட்டில் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு எத்தனை உயர்ந்த கிளாக் கொடுத்தாலும் இதில் ஒரு துளிகூடக் குறையாது. தம்புரா ஒலி நடுங்குகிறது என்று கேட்பவர்கள் சொன்னால், அவர்கள் காதில் விழுவது இதுதான். உருளையையும் பெல்ட்டையும் மாற்றினால் அது குறையும். அதற்கு நான் கொடுத்த மதிப்பீட்டைத்தான் நிதி இல்லை என்று தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

வெளிக் கிளாக்குக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல கருவிகள் ஒன்றோடொன்று ஒத்து ஓட வேண்டிய ஸ்டூடியோவில் அது அவசியம். நம் அறையில் இருப்பது ஒரே கன்வெர்ட்டர். அதன் உள்ளேயே, சர்க்யூட்டுக்கு மிகப் பக்கத்தில், அதற்கென்று நேரத் துடிப்பு கொடுக்கும் ஒரு படிகம் இருக்கிறது. வெளியிலிருந்து கேபிள் வழியாக வரும் துடிப்பை வாங்கி, அதைப் பின்தொடர்ந்து ஓடச் சொல்வதால் ஜிட்டர் குறையும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கூடவும் செய்யலாம். கருவியின் தாளில் போட்டிருக்கும் எண், அந்தப் பெட்டியின் வாயில் அளந்தது. நம் கன்வெர்ட்டருக்குள் அளந்தது அல்ல.

உங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இன்னொரு வாதமும் இருக்கிறது. சிடி தரத்தில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே 22.7 மைக்ரோவினாடி இடைவெளி, ஆகவே அதைவிடச் சிறிய கால வித்தியாசம் எதுவும் பதிவாகாது, காதோ 10 மைக்ரோவினாடியைப் பிடிக்கும், ஆகவே இதுவரை செய்த மாற்றங்களெல்லாம் குறையுள்ளவை என்கிறது அது. படித்தவுடன் பொருந்துகிற மாதிரி இருப்பதால் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். இது தவறு. மாதிரிகளுக்கு நடுவே அலை எப்படிப் போகிறது என்பதை, அந்தத் தரம் பதியக்கூடிய அலைவரிசை எல்லைக்குள், மாதிரிகளின் உயரங்களே முழுமையாகத் தீர்மானித்துவிடுகின்றன. ஓர் அலை 5 மைக்ரோவினாடி தாமதித்தால் ஒவ்வொரு மாதிரியின் உயரமும் அதற்கேற்ப மாறும். திரும்ப ஒலிக்கும்போது அந்த 5 மைக்ரோவினாடி அப்படியே வெளியே வரும். நம்ப வேண்டாம், செய்தே பார்க்கலாம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை இடமும் வலமும் வைத்து, வலத்தை 5 மைக்ரோவினாடி தள்ளி, சிடி தரத்தில் சேமித்து, அலைகாட்டியில் பாருங்கள். காப்பகத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்துக்குக் குறையக் கூடாது என்று ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் சொல்கிறது. நாம் அதற்கு மேலேயே பதிகிறோம். இதை வைத்துப் பழைய மாற்றங்களைத் தள்ளிவிட முடியாது.

பழைய மாற்றங்களில் குறை இல்லாமல் இல்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. உண்மையாகவே காலம் பற்றிய குறைதான், காதால் கேட்கக்கூடிய குறை.

கேசட் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது. டெக்கின் ஹெட் டேப்புக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். 0.15 டிகிரி சாய்ந்தால் போதும், இடத் தடத்துக்கும் வலத் தடத்துக்கும் நடுவே சுமார் 50 மைக்ரோவினாடி வித்தியாசம் வந்துவிடும். நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை மோனோ பதிவுகள். ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டி, இரண்டு தடத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கோப்பாக்கியிருக்கிறார்கள். 50 மைக்ரோவினாடி பிசகோடு சேர்த்தால் 10,000 ஹெர்ட்ஸில் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்குப் பாதியிலேயே, 5,000 ஹெர்ட்ஸில், 3 டெசிபல் போய்விடும். மிருதங்கச் சாப்பின் கணீர், வயலின் வில்லின் உரசல், தம்புராவின் ரீங்காரமான ஜீவா, பாடகர் வாயிலிருந்து வரும் சகரம் எல்லாம் மங்குவது இதனால்தான். அந்தந்த கேசட்டைப் பதிந்த ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, ஓட்டும் ஹெட்டும் அந்தச் சாய்வுக்கு வர வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி, ஒலி திறக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். காலிலிருந்து அரைக்கால் சுற்று, சில நேரம் அதுவும் வேண்டாம். பழைய மாற்றங்களில் இது செய்யப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நிலையில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

இதை நான் சொன்னால் போதாது என்பதால், கண்ணை மூடி நடத்தும் சோதனையாகவே செய்து பார்த்தேன். ஒரு கேசட்டின் ஒரே பகுதியில் இரண்டு கோப்புகள் எடுத்தேன், ஒன்று சாய்வு சரி செய்தது, மற்றது பழைய நிலையில். இரண்டின் அளவையும் சமன் செய்தேன். நம் காப்பகத்தில் பயிலும் ஒரு மாணவர் நாணயம் சுண்டி வரிசையை முடிவு செய்து, தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். கணினியில் வரிசையை ஏற்றியவரும் அவரே. ஏற்றிவிட்டு வெளியே போய்விட்டார். கேட்க உட்கார்ந்தவர், எந்த மூத்த மிருதங்க வித்வானின் பெயரைச் சொல்லி மரியாதை பற்றிப் பேசினீர்களோ, அவரே. அவருக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் நிதானமாகக் கேட்டு, "இதுல சாப்பு மூடிக் கிடக்கு, இது இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். உறையைப் பிரித்துப் பார்த்தபோது ஒருமுறைகூட அவர் தவறவில்லை. 50 மைக்ரோவினாடி பிசகு செய்யும் சேதத்தை அந்தக் காது எந்த விளக்கும் எந்த விளக்கமும் இல்லாமல் பிடித்தது. அந்தக் கிளாக்கையும் இப்படியே கேட்டுப் பார்த்துவிடலாமே என்று அவர்தான் சொன்னார்.

மரியாதை என்றால் இதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். ஒருவர் கேட்டதாகச் சொல்வதை அவர் காதுதான் கேட்டது என்று யாரும் மறுக்க முடியாதபடி நிலைநாட்டித் தருவது.

இசைக்கலைஞர்களை இப்படிச் சோதிப்பது புதிதும் அல்ல. 2010-இல் அமெரிக்காவில் இண்டியானபொலிஸ் நகரில், 21 வயலின் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆறு வயலின்களை வாசித்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றும் புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின்கள், இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தாடை வைக்கும் இடத்தில் துளி வாசனைத் திரவியம்கூடத் தடவினார்கள். அதிகம் பேர் விரும்பியது புதிய வயலின் ஒன்றை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012-இல் வெளியான இந்த ஆய்வால் அந்தக் கலைஞர்கள் யாருக்கும் மதிப்புக் குறையவில்லை. ஒலித்துறையிலேயே, சிறு குறைகளைக் கேட்டறிய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1994-லிருந்து வைத்திருக்கும் நெறிமுறை, தேர்ந்த காதுகளைத்தான் கேட்கச் சொல்கிறது, அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்கவும் சொல்கிறது. யாரையும் மட்டம் தட்டுவதற்காக ஏற்பட்ட முறை அல்ல இது.

சோதனை நடத்துவதும் சிரமம் இல்லை. ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று, எக்ஸ் என்று மூன்றாவது. எக்ஸ் என்பது ஏ-யா பி-யா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏபிஎக்ஸ் என்ற இந்தப் பெயரில் ஒரு சோதனை முறையை பெல் ஆய்வுக்கூடத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950-இலேயே வகுத்தார்கள். 1982-இல் டேவிட் கிளார்க் அதை ஆடியோ கருவிகளை ஒப்பிடுவதற்கு ஏற்றபடி கொண்டுவந்தார். 16 சுற்றில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்வது குருட்டு அதிர்ஷ்டத்தில் நடக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 20 பேரை உட்கார வைத்தால், யாருக்குமே எதுவும் கேட்காவிட்டாலும், அவர்களில் ஒருவராவது 12-ஐத் தொட்டுவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஆகவே 12 எடுத்தவரை இன்னொரு நாள் மறுபடி உட்கார வைக்க வேண்டும். உண்மையாகக் கேட்கிறவருக்கு இரண்டாவது முறையும் கேட்கும்.

அவசரத்தில் கேட்டால் நுணுக்கம் பிடிபடாது, பதற்றம் வரும் என்று உங்களில் ஒருவர் சொன்னார். நியாயமான கவலைதான். இந்தச் சோதனையில் கடிகாரம் பார்க்க வேண்டியதே இல்லை. கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போய், வாரக்கணக்கில் கேட்டு, மனம் தெளிந்த நாளில் விடை எழுதலாம். எதுவும் கேட்கவில்லை என்று முடிவு வந்தால் வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடுமா என்றும் கேட்டார்கள். ஆகாது. அதனால்தான் நடுநடுவே உண்மையான வித்தியாசம் உள்ள ஜோடிகளையும், எது என்று சொல்லாமல், கலந்து வைக்க வேண்டும். சாய்வு பிசகிய கோப்பு ஒன்று, ஒரு தடத்தை மட்டும் 50 மைக்ரோவினாடி தள்ளிய கோப்பு ஒன்று. அதே காதுகள், அதே அறை, அதே ஹெட்போன். அவற்றைப் பிடித்தவர்கள் கிளாக்கை மட்டும் பிடிக்கவில்லை என்றால் குழுவுக்கு அது போதுமான விடை. பிடித்துவிட்டால், கிளாக் வாங்கச் சொல்லி முதலில் கையெழுத்துப் போடுகிறவன் நானாக இருப்பேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கேசட்டுகளின் நிலை. பிஸ்கட் டின்னிலும் ஷூ பெட்டியிலும் வைத்துக் குடும்பங்கள் நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தவை அவை. உள்ளட்டையில் ராகப் பெயரும் தேதியும் பேனாவில் எழுதி, சில இடங்களில் மை ஊறிப் போயிருக்கும். பல கச்சேரிகளுக்கு வேறு பிரதியே கிடையாது. டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு பசை விட்டு உதிர்கிறது. சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டேப் கொஞ்சம் தேய்கிறது, சிலவற்றை இன்னும் ஒரேயொரு முறைதான் ஓட்ட முடியும். அந்த ஒரு முறையை, சாய்வு சரி செய்யாமல், கிளாக் மட்டும் மாற்றி ஓட்டிச் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இன்னும் ஒருமுறைகூட மாற்றப்படாமல் அலமாரியில் காத்திருப்பவை அதற்கும் பின்னால் தள்ளிப் போகும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

கிளாக்குக்கான கொள்முதல் ஆணையில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். விற்பனையாளரிடம் கருவியைச் சோதனைக்கு மட்டும் தரச் சொல்லுங்கள். கருவியில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுப்புச் சொல்லத் தேவையில்லை.

சோதனையை முறைப்படி நடத்துங்கள். கேசட் ஒருமுறை மட்டும் ஓட வேண்டும். டெக்கின் வெளியீட்டைப் பிரித்து, ஒரே மாடலான இரண்டு கன்வெர்ட்டர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஒன்று தன் சொந்தப் படிகத்தில், மற்றது வெளிக் கிளாக்கில். பாதியில் கன்வெர்ட்டர்களை இடம் மாற்றி இன்னொரு தொகுதியும் எடுக்க வேண்டும். இரண்டாவது கன்வெர்ட்டரை நானே இரவல் வாங்கித் தருகிறேன். அளவுகள் 0.1 டெசிபலுக்குள் இருக்கட்டும். துண்டுகள் சிறியதாக, தொடக்கம் சரியாகப் பொருந்தியதாக இருக்கட்டும். வரிசை தெரிந்தவர் கேட்கும் அறையில் இருக்கக் கூடாது. விற்பனையாளரும் இருக்கக் கூடாது, நானும் இருக்கக் கூடாது. மேலே சொன்ன, உண்மையான வித்தியாசம் உள்ள ஜோடிகள் கலந்தே இருக்க வேண்டும். எத்தனை சரி என்றால் வாங்குவது என்பதை முதல் துண்டு ஒலிப்பதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

முடிவு எதுவானாலும், கேட்டவர்களின் பெயரை வெளியிடாமல், சுற்றுவாரியான எண்ணிக்கையைக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் போடுங்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் கேசட் கொடுத்த குடும்பங்களுக்கும் அதை அறிய உரிமை இருக்கிறது.

மறு மாற்றம் பற்றிய தீர்மானத்தைத் திருத்துங்கள். இதுவரை மாற்றப்படாத கேசட்டுகள் முதலில். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட் சாய்வைச் சரி செய்த பிறகே பதிவு, செய்தவர் பெயரும் தேதியும் குறிப்பேட்டில். இரண்டு தடங்களையும் சேர்க்காமல் தனித்தனியாகவே மூலக் கோப்பாக வைக்க வேண்டும். சேர்ப்பதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பழைய மாற்றங்களில் இரண்டு தடமும் தனியாக இருப்பவற்றைப் பிரித்தெடுத்தால், அவற்றில் தடங்களுக்கு நடுவிலான பிசகைக் கணினியிலேயே நேர் செய்யலாம், டேப்பைத் தொடவே வேண்டாம். அந்தப் பட்டியலை நான் தயாரித்துத் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

ரப்பர் உருளை, பெல்ட், பூஞ்சை சுத்தம் செய்யும் வேலை, டெக் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு நான் கொடுத்த மதிப்பீட்டை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்று அந்தக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
காப்பகத்தின் டேப் மாற்றும் பணிக்கு உதவிவரும் ஒலிப்பதிவாளர்